தமிழ் நகைச்சுவைப் படங்களில் அறநெறியும் ஒதுக்கப்பட்டோரும் – விருதுநகர், சிவகாசி வட்டாரப் பின்னணியில் ஒரு பார்வை

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய 1931-ஆம் ஆண்டு முதல் இன்று வரை நகைச்சுவைக் காட்சி அதன் பிரிக்க முடியாத பகுதியாக இருந்து வருகிறது. கதாநாயகன் பாடுவதையும் சண்டையிடுவதையும் பார்க்க வந்த மக்களுக்குக் கல்வி, மதுவிலக்கு, சிக்கனம், தீண்டாமை ஒழிப்பு போன்ற கருத்துகளை எடுத்துச் சொன்னவர் பெரும்பாலும் நகைச்சுவை நடிகரே. சமூகம் ஓரத்தில் நிறுத்தி வைத்த மனிதர்கள் திரையில் முகம் காட்டியதும் இந்தக் காட்சிகளில்தான். சேரிச் சிறுவன், ரிக்‌ஷாக்காரர், ஓட்டல் சர்வர், கரகாட்டக் கலைஞர், முடிதிருத்துபவர் எனப் பலர் கதாநாயகர் ஆவதற்கு முன்பே நகைச்சுவைப் பாத்திரங்களாகிவிட்டனர்.

ஆனால் திரையில் இடம் கிடைப்பதும் மதிப்புக் கிடைப்பதும் ஒன்றல்ல. ஒதுக்கப்பட்டவர் சிரிக்க வைப்பவராக வருகிறாரா, சிரிக்கப்படுபவராக வருகிறாரா என்பதைக் கொண்டே ஒரு நகைச்சுவைக் காட்சியின் அறத்தை அளவிட வேண்டும். அந்த அளவுகோலைக் கொண்டு சுமார் முக்கால் நூற்றாண்டுத் தமிழ்த் திரை நகைச்சுவையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குப் பொருத்தமான பின்னணியாக விருதுநகர், சிவகாசி வட்டாரம் அமைகிறது. ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம் கல்வியாலும் தொழிலாலும் எழுந்து நின்ற வட்டாரம் இது. அதே வேளையில், பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தைகள் தீப்பெட்டி ஒட்டப் போன வட்டாரமும் இதுதான்.

வட்டாரப் பின்னணி

இன்றைய விருதுநகர் முன்பு விருதுப்பட்டி எனப்பட்டது. கரிசல் மண், குறைந்த மழை, பருத்தி, மிளகாய், எண்ணெய் வித்து வணிகம் ஆகியவை இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வணிகத்தில் முன்னேறிய நாடார் சமூகத்தினருக்குக் கோயிலுக்குள் செல்லும் உரிமை மறுக்கப்பட்டது. கையில் பொருள் இருந்தும் கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டிய நிலை. இந்த உரிமைக்கான பூசல் 1899-இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. கமுதி கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் அங்கும் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராகவே அமைந்தது.

நீதிமன்றம் தராத இடத்தைக் கல்வி தரும் என்று அச்சமூகத்தார் நம்பினர். விருதுநகரில் வீட்டுக்கு வீடு சமையலுக்கு எடுக்கும் அரிசியில் நாளும் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தனர். அந்தப் பிடியரிசியைக் கொண்டு நடந்த சத்திரிய வித்யாசாலையில் படித்தவர்களுள் ஒருவரே பின்னாளில் முதலமைச்சரான கு. காமராசர் (1903–1975). சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931-இல் நடைபெற்றதும் விருதுநகரில்தான். சாதி, சடங்கு, மூடநம்பிக்கை ஆகியவற்றைக் கேள்வி கேட்கும் பேச்சு இவ்வூர்த் தெருக்களுக்குப் புதிதல்ல. பிற்காலத்தில் திரையில் வந்த பகுத்தறிவு நகைச்சுவையைப் புரிந்துகொள்ள மக்கள் முன்பே பழகியிருந்தனர்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், தீப்பெட்டி லேபிள்களின் தேவையால் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. பின்னர் நாட்காட்டிகளும் திரைப்படச் சுவரொட்டிகளும் சிவகாசி அச்சகங்களிலிருந்து பல ஊர்களுக்குச் சென்றன. இவ்வகையில் திரைப்படம் இவ்வட்டார மக்களுக்குப் பொழுதுபோக்காக மட்டுமன்றிப் பிழைப்பாகவும் ஆனது. தீபாவளிக்குப் புதுப்படமும் பட்டாசும் சேர்ந்தே வரும் தமிழகத்தில், அந்தப் பண்டிகைக்காக ஆண்டு முழுவதும் உழைப்பவர்கள் இங்குள்ள மக்களே.

மேடைப் பபூன்

திரை நகைச்சுவைக்கு முன்னோடி நாடக மேடையின் பபூன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களை மதுரையைச் சுற்றியுள்ள தென் மாவட்டங்களில் கோயில் கொடைகளின்போது இரவு முழுவதும் நடத்துவது வழக்கம். நடிகர்கள் ஒரே குழுவாக இல்லாமல், ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாக அமர்த்தப்படுவதால் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கதை தொடங்கும் முன் மேடைக்கு வருபவர் பபூன். குடும்பம், கடன், குடி, மாமியார் மருமகள் சண்டை, அரசியல் என எல்லாவற்றையும் அவர் கேலி செய்வார். கடைசியில் நல்லதைச் சொல்லி முடிப்பார்.

அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே பல காலம் ஆய்வு செய்து, 2005-இல் 'ஸ்டிக்மாஸ் ஆஃப் த தமிழ் ஸ்டேஜ்' என்னும் நூலை வெளியிட்டார். ஊருக்கு ஒழுக்கம் சொல்லும் இக்கலைஞர்களை ஊர் ஒழுக்கமற்றவர்கள் எனப் பார்க்கிறது என்ற முரண்பாட்டை அந்நூல் விரிவாக விளக்குகிறது. மேடையில் ஆண்களோடு நின்று பேசுவதாலும் ஆடுவதாலும் பெண் கலைஞர்கள் இந்தப் பழியை மிகுதியாகச் சுமந்தனர். அறம் சொல்பவரும் ஒதுக்கப்பட்டவரும் ஒரே மனிதராக இருந்த இந்த மேடையிலிருந்துதான் திரை நகைச்சுவை கிளைத்தது.

கலைவாணரும் கிந்தனாரும்

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனிகளிலும் பயின்று திரைக்கு வந்தவர். 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவருடைய தொடக்க காலப் படமாகும். எம்.ஜி.ஆர். திரையில் அறிமுகமானதும் அந்தப் படத்திலேயே. கிருஷ்ணன் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொண்டார். அவருடைய மனைவி டி.ஏ. மதுரம் அவருக்குச் சமமான நகைச்சுவை நடிகையாகத் திகழ்ந்தார். பல காட்சிகளில் மதுரமே அறிவாளி, கிருஷ்ணன் அசடு. பெண்ணை மட்டம் தட்டிச் சிரிக்க வைப்பது எளிதாக இருந்த காலத்தில் இது கவனிக்கத்தக்கது.

1944 நவம்பரில் சென்னையில் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். அவர்கள் இருவரும் நடித்து அந்த ஆண்டு தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் சிறையில் இருந்தனர். பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டுக்குப் பின் 1947-இல் விடுதலையாயினர். சிறை சென்று திரும்பிய பின் பாகவதர் பழைய இடத்தைப் பெறவில்லை. கிருஷ்ணனோ சமூகச் சீர்திருத்தத்தை முன்னைவிட வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்.

அதன் சிறந்த சான்று 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'. சி.என். அண்ணாதுரையின் எழுத்தில், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் உருவான படம் இது. மதுவிலக்கை வலியுறுத்தும் இப்படத்தில் இடம்பெற்ற 'கிந்தனார்' கதாகாலட்சேபம் தமிழ் நகைச்சுவை வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

கிந்தனாரைப் புரிந்துகொள்ள நந்தனாரை அறிய வேண்டும். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து சிதம்பரம் நடராசரைக் காண ஏங்கிய நந்தனாரின் கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாக இயற்றினார். அது கதாகாலட்சேபமாக ஊர்தோறும் பரவியது. 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் நடித்தனர். மக்கள் கண்ணீர் விட்டுக் கேட்ட கதை அது. கோயிலுக்குள் செல்ல நந்தனார் முதலில் நெருப்பில் மூழ்கித் தூய்மை பெற வேண்டியிருந்தது.

கிருஷ்ணன் அதே காலட்சேப வடிவத்தை எடுத்துக்கொண்டார். பாகவதர் கோலம், பின்பாட்டு, இடையிடையே உபகதை என எதையும் விடவில்லை. கதையை மட்டும் மாற்றினார். இவருடைய கிந்தன் ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன். அவன் ஏங்குவது சிதம்பரத்துக்கு அல்ல, பள்ளிக்கூடத்துக்கு. படிப்புத் தேடிப் பட்டணத்துக்கு ரயிலேறிப் போகிறான். படித்துக் கல்வித் துறை அதிகாரியாகித் திரும்புகிறான். நெருப்பில் இறங்காமலே, பிறப்பை மாற்றிக்கொள்ளாமலே அவன் உயர்கிறான்.

இங்கே சிரிப்பு யார் மீது விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கிந்தனின் ஏழ்மையையோ நிறத்தையோ பேச்சையோ பார்த்து மக்கள் சிரிக்கவில்லை. அவனைத் தடுப்பவர்களின் அறியாமையைக் கண்டு சிரித்தனர். பழக்கமான பக்தி வடிவத்துக்குள் புதிய நியாயம் வந்து அமர்ந்ததில் ஏற்பட்ட வியப்பே அந்தச் சிரிப்புக்குக் காரணம். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவைக் கொண்ட அரசியலமைப்பு 1950 ஜனவரி 26-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டிலேயே நகைச்சுவை அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

கிந்தனாருக்கும் ஒரு குறை உண்டு. கிந்தனின் கதையைச் சொல்பவர் கிந்தன் அல்லர். வேறொருவர் அவனுக்காகப் பேசுகிறார். கிந்தனே தன் வாயால் பேசத் தமிழ்த் திரை இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

திரை சொன்னதும் தெரு கண்டதும்

கிந்தனாருக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், விருதுநகர்க்காரரான காமராசர் முதலமைச்சரானார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், தந்தை தொழிலைப் பிள்ளை கற்கும் வகையில் அமைந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகச் சேர்த்த பிடியரிசி, மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்குமான சோறாக விரிந்தது எனலாம்.

ஆயினும் ஒரு சமூகம் ஏறிய ஏணியில் எல்லோரும் ஏறிவிடவில்லை. மழை பொய்த்த கரிசல் கிராமங்களிலிருந்து, 1970, 1980-களில், விடியும் முன்பே சிறுவர் சிறுமியரை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் சிவகாசித் தொழிற்சாலைகளுக்குச் சென்றன. தீப்பெட்டி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, குச்சி அடுக்குவது எனப் பிஞ்சு விரல்கள் வேலை செய்தன. இவர்களைப் பற்றிச் சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் உலகின் கவனத்தை ஈர்த்தது. சிவகாசிக் குழந்தைகளின் நிலை குறித்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் வழங்கிய தீர்ப்பு, குழந்தைத் தொழிலாளர் மறுவாழ்வு பற்றி நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களை வகுத்தது.

அதே ஆண்டுகளில் வெகுமக்கள் நகைச்சுவைப் படங்கள் இந்தக் குழந்தைகளைக் கண்டுகொள்ளவில்லை. பட்டாசு மட்டும் அடிக்கடி வந்தது. யாரோ ஒருவர் அறியாமல் வெடியைக் கொளுத்துவார். வெடித்ததும் முகம் கரி பூசி, தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கும். அரங்கம் சிரிக்கும். இந்தக் காட்சி பல படங்களில் மீண்டும் மீண்டும் வந்தது. சிவகாசி வட்டாரத்தில் வெடி முகத்தில் வெடிப்பதன் பொருளே வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு நகைச்சுவை யாருடைய வலியை மறந்துவிட்டுச் சிரிக்கிறது என்று கேட்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

நகரத்து ஏழைகள்: சந்திரபாபுவும் நாகேஷும்

கலைவாணர் 1957-இல் மறைந்தார். அப்போது கிராமத்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். நகைச்சுவையும் நகரத்துக்குச் சென்றது. தூத்துக்குடியில் பிறந்த ஜே.பி. சந்திரபாபு 'சபாஷ் மீனா' (1958) படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அவற்றுள் ஒன்று சென்னைத் தமிழ் பேசும் ரிக்‌ஷாக்காரர். அதுவரை திரையில் கொச்சை எனத் தள்ளப்பட்ட பேச்சு அவரால் ரசிக்கப்படும் பேச்சானது.

தாராபுரத்தைச் சேர்ந்த நாகேஷ் ஒட்டிய கன்னமும் அம்மைத் தழும்பும் கொண்டவர். அழகே தகுதி என்றிருந்த திரையுலகில் அந்த முகமே அவரை வெளியாளாக்கியது. கே. பாலசந்தர் எழுதிய 'சர்வர் சுந்தரம்' (1964) அந்த முகத்தையே கதையாக்கியது. ஓட்டல் சர்வரான சுந்தரம் புகழ்பெற்ற நடிகனாகிறான், ஆனால் விரும்பிய பெண்ணின் அன்பு கிடைக்கவில்லை. நம்மைச் சிரிக்க வைப்பவனுக்கும் ஒரு மனம் உண்டு என்பதைப் படம் பார்த்தவர்கள் உணர்ந்தனர்.

'எதிர்நீச்சல்' (1968) இன்னும் ஒருபடி மேலே சென்றது. பல குடும்பங்கள் வாழும் வீட்டின் மாடிப்படியில் குடியிருக்கும் அநாதை இளைஞன் மாது. எல்லாக் குடும்பத்துக்கும் எடுபிடி வேலை செய்து, முறை வைத்துக் கிடைக்கும் சோற்றை உண்டு கல்லூரியில் படிக்கிறான். கிந்தனின் படிப்பு ஆசை இருபது ஆண்டுகள் கழித்து மாதுவிடம் தொடர்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. கிந்தனைத் தடுத்தது சாதி என்று கலைவாணர் வெளிப்படையாகச் சொன்னார். பாலசந்தரின் படங்களில் தடையாக நிற்பது வறுமையும் நடுத்தர வர்க்கத்தின் கஞ்சத்தனமும். ஒதுக்கப்பட்டவருக்கு ஏழை என்ற பெயர் தங்கியது; சாதியின் பெயர் மெல்ல மறைந்தது.

கவுண்டமணி – செந்தில்: உதையும் நகைப்பும்

1980-களில் கிராமத்துக் கதைகள் பெருகின. கவுண்டமணி, செந்தில் இணை அக்கதைகளின் தவிர்க்க முடியாத பகுதியானது. செந்தில் முதுகுளத்தூர் பக்கத்து இளஞ்செம்பூரைச் சேர்ந்தவர், அதாவது விருதுநகரை அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் கவுண்டமணி பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக் கடை நடத்துபவராக வந்தார். மின்சாரம் சரிவர எட்டாத ஊர்களில் கல்யாணம், கொடை, சாவு எல்லாவற்றுக்கும் இத்தகைய கடைக்காரர் தேவைப்பட்டார். சிறு தொழில் செய்யும் கிராமத்து மனிதர் தம் தொழிலின் நுணுக்கத்தோடு திரைக்கு வந்தது அந்தக் காட்சியின் சிறப்பு.

கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' (1989) மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. கரகாட்டம் மதுரை, விருதுநகர் வட்டாரத்துக் கோயில் கொடைகளின் உயிர்நாடி. கொடை நாளில் கலைஞர்களை ஊரே கூடிப் பார்க்கும். மறுநாள் அவர்களை மதிக்காது. பபூனுக்கு நேர்ந்த அதே நிலை. ஊர் ஊராகப் பழைய காரில் செல்லும் அப்படத்துக் குழுவினர் வறுமையிலும் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டு மானத்தோடு வாழ்ந்து காட்டினர். கவுண்டமணி, செந்தில், கோவை சரளா மூவரின் நகைச்சுவையும் வெளியிலிருந்து அக்குழுவைப் பார்த்துச் சிரிப்பதாக இல்லாமல், உள்ளிருந்தே எழுந்தது.

இந்தச் சிறப்பு எல்லாப் படங்களிலும் நிலைக்கவில்லை. செந்திலின் உருவம், நிறம், தலை ஆகியவற்றைச் சொல்லித் திட்டுவதும் காலால் உதைப்பதும் எதிர்பார்க்கப்படும் சடங்காயின. கவுண்டமணியின் வாய் பணக்காரர், அரசியல்வாதி, போலிச் சாமியார் எவரையும் விட்டதில்லை. மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் கேள்வி கேட்ட அந்தப் பேச்சுக்கு மக்கள் கை தட்டினர். அதே வாய் தனக்குக் கீழே இருப்பவரிடம் திரும்பியபோதும் அதே கைகள் தட்டின. பள்ளி மைதானங்களில் கறுத்த பிள்ளைகளும் பருத்த பிள்ளைகளும் படத்துப் பட்டப்பெயர்களால் அழைக்கப்பட்டனர். திரையில் ஒரு நிமிடம் நீடித்த சிரிப்பு அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவம் முழுவதும் நீடித்தது.

விவேக், வடிவேலு

தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து வந்த விவேக் (1961–2021) மூடநம்பிக்கை, லஞ்சம், சாதி ஆகியவற்றைத் தம் நகைச்சுவையில் தொடர்ந்து சாடினார். இதனால் அவருக்குச் 'சின்னக் கலைவாணர்' என்ற பெயர் ஏற்பட்டது. 2009-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கலைவாணரைப் போல் அவரும் கருத்தைப் பேச்சாகவே சொன்னார். சில வேளைகளில் அது பாடம் நடத்துவது போல் ஆகிவிடும் என்றாலும், தெளிவு இருந்தது.

மதுரையிலிருந்து வந்த வடிவேலு வேறு வழியில் சென்றார். அவருடைய பாத்திரங்கள் கருத்துச் சொல்வதில்லை. வீரம் பேசும், அடி வாங்கும், அடி வாங்கியதை மறைக்கும். கையில் எந்த அதிகாரமும் இல்லாதவன் அதிகாரம் இருப்பது போல் நடிக்கும் பரிதாபமே அவருடைய கலை. கூலி வேலை, சிறு ஒப்பந்தம், வேலையின்மை என அலையும் தென் மாவட்ட இளைஞர்கள் தங்களையே அவரிடம் கண்டனர்.

சிம்புதேவன் இயக்கத்தில் அவர் நடித்த 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' (2006) இங்குத் தனியே குறிப்பிடத்தக்கது. அப்படத்தில் மன்னன் சாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானம் அமைக்கிறான். இதன் பொருளை விருதுநகர் மாவட்ட மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1997-இல் இம்மாவட்டத்தில் அமைக்கப்பட்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதையொட்டித் தென் மாவட்டங்களில் சாதி மோதல்கள் எழுந்தன. முடிவில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைக்கப்பட்டிருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. 1985-இல் உருவாகிக் காமராசர் பெயர் தாங்கியிருந்த இம்மாவட்டமும் அப்போதுதான் விருதுநகர் மாவட்டம் ஆனது. இவ்வளவு வேதனையான ஒரு நினைவைப் புலிகேசி சிரிப்பாக்கியது. ஆனால் அந்தச் சிரிப்பு மோதலில் அடிபட்டவர்கள் மீது விழவில்லை, மோதலால் ஆதாயம் தேடும் ஆட்சியாளர் மீது விழுந்தது.

சிரிப்பின் எல்லை

சாதியை வெளிப்படையாகக் கேலி செய்வது குறைந்த பின்னும், திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் நீண்ட காலம் எளிதான கேலிப் பொருளாகவே இருந்தனர். திருநங்கை ஒருவர் திரையில் தோன்றினாலே கதாநாயகனின் நண்பன் அருவருப்போடு ஓட வேண்டும் என்பது வழக்கமாகியிருந்தது. திக்குவாய், செவித்திறன் குறை, மாலைக்கண் ஆகியவை நகைச்சுவைக்கான ஆயத்த சரக்குகளாயின.

சட்டமும் சமூகமும் மாறத் தொடங்கின. தமிழ்நாடு அரசு 2008-இல் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. 'ஆங்க் மிச்சோலி' என்னும் இந்திப் படம் தொடர்பான வழக்கில் 2024 ஜூலை 8-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரண்டு வகை நகைச்சுவையை வேறுபடுத்திக் காட்டியது. குறைபாட்டோடு வாழும் வாழ்வைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை ஒன்று. குறைபாடு உடையவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை மற்றொன்று. முன்னதற்கு இடமுண்டு, பின்னதை ஏற்க முடியாது என்பது அதன் சாரம். கிந்தனாரையும் உதை வாங்கும் காட்சிகளையும் வேறுபடுத்திப் பார்க்கவும் இதே அளவுகோல் பொருந்தும்.

மண்டேலா, மாமன்னன்

மடோன் அஸ்வின் இயக்கிய 'மண்டேலா' 2021 ஏப்ரல் 4 அன்று, தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, தொலைக்காட்சியில் நேரடியாக வெளியானது. யோகி பாபு அதில் கிராமத்து முடிதிருத்துபவராக நடித்தார். மரத்தடியில் கடை, ஊருக்கு எடுபிடி வேலை. அவருக்குச் சொந்தப் பெயர்கூடத் தெரியாது. இளிச்சவாயன் என்று ஊர் அழைக்கிறது. சேமிப்புக் கணக்குத் தொடங்க அஞ்சலகம் சென்றபோதுதான் பெயரும் அடையாள அட்டையும் தேவைப்படுகின்றன. அஞ்சலகப் பெண் ஊழியர் அவருக்கு மண்டேலா என்று பெயர் வைக்கிறார்.

இரு சாதிகளாகப் பிரிந்த ஊரில் தேர்தல் வருகிறது. இரு பக்கமும் வாக்குகள் சமம். மண்டேலாவின் ஒரு வாக்கே வெற்றியைத் தீர்மானிக்கும். நேற்று வரை அவரைத் தள்ளி நிறுத்தியவர்கள் இன்று அவரைத் தலைமேல் வைத்துத் தாங்குகிறார்கள். முதலில் அந்தச் சலுகைகளில் மயங்கும் அவர், பின்னர் தம் வாக்கைக் கொண்டு ஊருக்குத் தேவையானவற்றைக் கேட்டு வாங்குகிறார். இயக்குநர் இப்படத்துக்காக 68-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான விருதையும் வசனத்துக்கான விருதையும் பெற்றார்.

கிந்தனுக்குப் பள்ளி கிடைத்தது. மண்டேலாவுக்குப் பெயரும் வாக்கும் கிடைத்தன. கிந்தன் உயர்வதற்குத் தன் ஊரை விட்டுப் பட்டணம் போக வேண்டியிருந்தது. மண்டேலா அதே மரத்தடியில் நின்றுகொண்டு ஊரை மாற்றுகிறார். கிந்தனின் கதையை வேறொருவர் சொன்னார். மண்டேலா தாமே பேசுகிறார். 72 ஆண்டுகளில் தமிழ் நகைச்சுவை கடந்து வந்த தொலைவு இதுவே.

மாரி செல்வராஜ் இயக்கிய 'மாமன்னன்' (2023) நகைச்சுவைப் படம் அல்ல. எனினும் நகைச்சுவை வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அடி வாங்கிச் சிரிக்க வைத்த வடிவேலு, அதில் தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினராக நடித்தார். ஆதிக்கச் சாதித் தலைவரின் முன் நாற்காலியில் உட்கார முடியாமல் நிற்கும் மனிதர் அவர். முப்பது ஆண்டுகளாக அவர் குனிந்து நின்றதைக் கண்டு சிரித்த மக்கள், அதே குனிவை இப்போது சிரிக்காமல் பார்த்தனர்.

மதிப்பீடு

தமிழ்த் திரை நகைச்சுவை ஒதுக்கப்பட்டவருக்கு நண்பனாகவும் பகைவனாகவும் இருந்திருக்கிறது. கிந்தனார், மாது, கரகாட்டக் குழு, மண்டேலா ஆகிய பாத்திரங்களில் அது நண்பன். உருவ கேலி, திருநங்கையர் கேலி, உதை, வெடித்த முகம் ஆகியவற்றில் அது பகைவன். கருத்து இருந்தால் போதும், நகைச்சுவை நல்லதாகிவிடும் என்று கொள்ள முடியாது. மதுவிலக்கைப் போதித்த படத்தில் குடிகாரரின் மனைவி கேலிக்கு ஆளானால் அந்த அறம் பாதியிலேயே நின்றுவிடும். கருத்தே சொல்லாத கரகாட்டக் குழுவின் கலகலப்பு, அக்கலைஞர்கள் மீது மதிப்பை உண்டாக்கியது.

எனவே மாணவர்கள் ஒரு நகைச்சுவைக் காட்சியை ஆராயும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இக்காட்சியில் பேசுபவர் யார்? சிரிப்பு யார் மீது விழுகிறது? அந்த இடத்தில் உள்ள மனிதர் அரங்கில் நம் பக்கத்து இருக்கையில் இருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பாரா? தீபாவளி நாளில் சாத்தூரிலோ சிவகாசியிலோ ஒரு திரையரங்கில், ஆண்டெல்லாம் மருந்துக் கையோடு உழைத்துவிட்டு அன்று ஒருநாள் ஓய்வாக அமர்ந்திருக்கும் தொழிலாளியும் மனம் நோகாமல் சிரிக்க முடிகிற நகைச்சுவையே கலைவாணர் வகுத்த வழியில் நிற்பதாகும்.